பாடைக்கு மாலை, பாவலனுக்குப் பட்டினி!

தோழனே!

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் உனக்கு நினைவிருக்கும். பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் மறைந்தார் எனும் செய்தி நண்பகலில் நாடெங்கும் பரவிற்று. பரவிய நாழிகை முதல் எத்திசை திரும்பினாலும் அவர் குரல்! தேநீர்க்கடையிலே அவர் குரல், தெருமுனையிலே அவர் குரல், ஆட்டோவிலே அவர் குரல், அடுக்களையிலே அவர் குரல்! பல்லாண்டுகளாக மறந்து கிடந்த பாடல்களையெல்லாம் மக்கள் தேடித் தேடி எடுத்தனர், கேட்டனர், கேட்டுக் கண் கலங்கினர். நேற்றும் இருந்த பாட்டுத்தான். நேற்றும் இருந்த குரல்தான். ஆனால் நேற்றுக் கேளாத செவிகளெல்லாம் அன்று திறந்துகொண்டன.

அழுத கண்களை நான் பழிக்கவில்லை, தோழனே. நானும் அழுதவன்தான். அந்தப் பாடகரோ வாழும் நாளிலேயே வாழ்த்தும் வருவாயும் கண்டவர். மக்கள் மனத்தில் மாளிகை கட்டிக் குடியிருந்தவர். ஆகவே அவர் பொருட்டு எனக்குக் குறையில்லை. ஆனால் அன்று என் நெஞ்சிலே ஒரு வினா எழுந்தது. இன்றுவரை அது உறங்கவில்லை. கலைஞனின் மூச்சு நின்ற பிறகுதான் அவன் கலைக்கு மூச்சு வரவேண்டுமா? கண்ணை மூடினால்தான் நாம் காதைத் திறப்போமா?

இந்த வினாவை எனக்கு முதலில் கற்பித்தவர் புகழ்பெற்றவர் அல்லர். என் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்த ஒரு பெரியவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் உதறிவிட்டு மேடையை நம்பி நான் புறப்பட்ட நாளில், "தம்பி, வசனத்தைக் கொட்டாதே, நிறுத்து, நிறுத்துகிற இடத்தில்தான் கைதட்டல் பிறக்கும்" என்று சொல்லித் தந்தவர். நாற்பதாண்டுக் காலம் பெட்டியைத் தோளிலே சுமந்து, ஊர் ஊராக, கொட்டகை கொட்டகையாக வாசித்தவர். முதுமை வந்தது, விரல்கள் நடுங்கின, அழைப்புகள் நின்றன. மருந்துக்குப் பணம் வேண்டும் என்று ஒருநாள் நம் தோழர்கள் சிலரிடம் வாய்விட்டுக் கேட்டார். "பார்க்கலாம், பெரியவரே" என்றோம். பார்த்தோம், தோழனே, பார்த்தோம். அவரைப் பாடையில் வைத்துத்தான் பார்த்தோம்! அன்று வந்த மலர்வளையங்களை எண்ணினேன். தெருவை அடைத்துக் கட்டிய பதாகைகளை எண்ணினேன். அவற்றுக்கான செலவைக் கணக்கிட்டேன். அவருடைய ஓராண்டு மருந்துச் செலவைவிட அது மிகுதி. இரங்கல் கூட்டத்திலே நானும் பேசினேன். நன்றாகவே பேசினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைப் போல் என்னைச் சுட்டது வேறொன்றில்லை.

ஆகவே, பிறரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் நான் ஏறி நிற்கிறேன். இனி வழக்கைத் தொடங்கலாம்.

முதலில் வணிகர் வாதத்தைக் கேட்போம். சாவைப் போன்ற விளம்பரம் வேறில்லை என்பது சந்தையின் வேதம். அந்த வேதம் ஓதப்படும் இடத்துக்கு உன்னை அழைத்துச் செல்கிறேன். நாடகக்காரன் அல்லவா நான்! திரையைத் தூக்குகிறேன், பார்.

(மாளிகை. முதலாளி சாய்வு நாற்காலியில். கணக்கர் ஓடி வருகிறார்.)

கணக்கர்: ஐயா! பாடகர் காலமாகிவிட்டாராம்!

முதலாளி: அந்தோ! என்ன இழப்பு, என்ன இழப்பு! (கண்ணைத் துடைக்கிறார்) அவருடைய பழைய சரக்கு கையிருப்பு எவ்வளவு?

கணக்கர்: மூன்றாண்டாக விலைபோகாமல் மூலையில் கிடக்கிறது.

முதலாளி: தூசி தட்டும்! அட்டைக்குக் கறுப்புக் கரை போடும்! 'அழியாப் புகழ்' என்று மேலே அச்சடியும்!

கணக்கர்: அவருக்கு நாம் கொடுக்கவேண்டிய பாக்கி...? அவர் மனைவி இருமுறை வந்து போனார்.

முதலாளி: (சற்றே சிந்தித்து) மலர்வளையம் அனுப்பும். பெரியதாக அனுப்பும். நம் பெயர் தூரத்திலிருந்தே தெரியவேண்டும்!

(திரை)

இது கற்பனை, ஆனால் காற்றிலே கட்டிய கற்பனையன்று. கடல் கடந்து பார். அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சன் 2009ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இறந்தார். இலண்டன் மாநகரிலே ஐம்பது நிகழ்ச்சிகள் நடத்துவதாக ஏற்பாடு. ஒன்றுகூட நடவாமுன்பே உயிர் பிரிந்தது. கடன் சுமை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் போனதும் என்ன நடந்தது? கடைகளிலே அவருடைய இசைத்தட்டுகள் பறந்தன. மேடையேறாத அந்த நிகழ்ச்சிக்காக அவர் பார்த்த ஒத்திகையின் படப்பிடிப்பைத் தொகுத்து, நான்கே மாதங்களில், அதே ஆண்டு அக்டோபரில், உலகெங்கும் திரைப்படமாக வெளியிட்டனர். ஒத்திகை, தோழனே! எந்தக் கலைஞனும் பிறர் பார்க்க விரும்பாதது ஒத்திகை. தவறுவதற்கும் திருத்துவதற்கும் உரிய தனியிடம் அது. நிகழ்ச்சிக்கு அவர் உயிரோடு இல்லை, ஒத்திகையே வசூலாயிற்று! உயிரோடு இருந்தவரை அழுத்திய கடன், அவர் இறந்தபின் ஈட்டிய வருவாயால் தீர்ந்தது.

"பார்த்தீரா? சாவு வாழ்வு தருகிறது" என்று சிலர் மெச்சுவர். மெச்சட்டும். அவர்கள் முன் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ. 1890ஆம் ஆண்டு ஜூலையில், 37ஆம் வயதில் மறைந்தார். பத்தாண்டுக் காலத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட வண்ண ஓவியங்கள் தீட்டியவர். வாழ்நாளில் அவற்றுள் விலைபோனதாக உறுதியாகப் பேசப்படுவது ஒன்றே. 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்', நானூறு பிராங்கு. அவர் இறந்து சரியாக நூறாண்டு கழித்து, 1990ஆம் ஆண்டு, மருத்துவர் காஷேயின் உருவமாக அவர் வரைந்த ஓவியம் ஏலத்திலே எட்டுக் கோடியே இருபத்தைந்து இலட்சம் டாலருக்குப் போயிற்று. படைத்தவனுக்குச் சோறு போடாத ஓவியம், ஏலம் போட்டவனுக்கு மாளிகை கட்டிற்று!

இந்த மாறுதலைச் செய்தது சாவா? அன்று! செய்தவள் ஒரு பெண். வான்கோ இறந்த ஆறே மாதங்களில் அவரைத் தாங்கிநின்ற தம்பி தியோவும் இறந்தார். தியோவின் மனைவி ஜோ. வயது இருபத்தெட்டு, கையிலே ஓராண்டு நிரம்பாத குழந்தை, வீடு முழுக்க எவரும் வேண்டாத ஓவியங்கள். தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தாள் அந்தப் பெண். ஓவியங்களை எறிந்துவிடவில்லை, காத்தாள். கண்காட்சிக்குக் கண்காட்சி கொண்டு சென்றாள். அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்களை வரிசைப்படுத்தி 1914இல் நூலாக்கினாள். இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பு! அந்த உழைப்பின் பெயரை மறைத்துவிட்டு, "சாவு தந்த புகழ்" என்று எழுதுகிறார்கள். சாவு என்ன செய்யும்? அழுகவைக்கும், மறக்கவைக்கும், மண்ணாக்கும். புகழைத் தருவது சாவன்று, மனிதர்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் வீட்டுக் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. ஆகவே இதைவிட நம்மைச் சுடுவது.

1920ஆம் ஆண்டு. புதுவையில் பத்தாண்டு கரந்து வாழ்ந்து, 1918இல் வெளிவந்து சிறைப்பட்டு, விடுதலையாகிக் கடையத்தில் தங்கியிருந்த பாரதியார் ஒரு திட்டம் வகுக்கிறார். தம் எழுத்துகளையெல்லாம் நாற்பது நூல்களாக வெளியிடுவது; ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிடுவது; ஆக நான்கு இலட்சம் படிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் விலைபோகும் என்று நம்பினார் அந்த மனிதர். பைத்தியக்கார நம்பிக்கையா? இல்லை, பின்னாளில் மெய்யான நம்பிக்கை! முதலீட்டுக்குப் பணம் வேண்டும், கடனாகத் தாருங்கள் என்று அன்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். பிச்சை கேட்கவில்லை, தோழனே, கடன்தான் கேட்டார். தமிழ்நாடு என்ன செய்தது? காதிலே விழாததுபோல் இருந்துவிட்டது. நாற்பது நூலும் வரவில்லை. நான்கு இலட்சமும் வரவில்லை.

அடுத்த ஆண்டு, 1921 செப்டம்பரில், திருவல்லிக்கேணியில் அவர் கண்மூடினார். நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்று உடனிருந்தோர் எழுதிவைத்திருக்கின்றனர். இருபது பேர்! இன்று அவர் சிலைக்கு மாலையிடுவதற்கு முந்திக்கொண்டு வரிசையில் நிற்போர் அதைவிடப் பன்மடங்கு!

அவர் மறைந்தவுடன் தமிழர் விழித்துக்கொண்டனரா? அதுவும் இல்லை. இந்த இடத்தைக் கூர்ந்து நோக்கு. கணவரை இழந்த செல்லம்மாள் தம் தமையனாரோடு சேர்ந்து, 'பாரதி ஆச்ரமம்' என்று பெயரிட்டு, 1922இல் பாடல்களை வெளியிட முனைந்தார். பின்னர் பாரதியாரின் தம்பி விசுவநாத ஐயர் முதலானோர் 'பாரதி பிரசுராலயம்' நடத்தினர். 1928இல் அன்னிய ஆட்சி அந்தப் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்திலே சத்தியமூர்த்தி எழுந்து நின்று அதனைக் கண்டித்தார். பறிக்கப் பறிக்கப் பாட்டுப் பரவிற்று. ஊர்வலங்கள் பாடின, மேடைகள் பாடின, இசைத்தட்டுகள் பாடின. அப்போதும் எழுத்துலகம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மகாகவிதானா என்று 1930களின் நடுவிலேகூட ஏடுகளில் வழக்காடிக்கொண்டிருந்தது. வ.ரா. ஒரு பக்கம், கல்கி மறுபக்கம் என்று நடந்த அந்தச் சொற்போர், பாரதியார் மறைந்து பதினான்கு ஆண்டு கழித்து நடந்தது! ஆக, சாவு வந்தது; புகழ் வரவில்லை. மனைவி சுமந்தார், தம்பி சுமந்தார், தொண்டர் சுமந்தனர், பாடகர் சுமந்தனர். அதன் பிறகு வந்தது புகழ்.

புகழ் வந்ததும் அதன் பின்னாலேயே வந்தது பணம். பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு நகை வணிகர் கைக்குப் போய், அங்கிருந்து பட அதிபர் ஏ.வி.மெய்யப்பன் கைக்கு வந்தது. 1947இல் 'நாம் இருவர்' வெளிவந்தது, டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதியின் பாட்டு நாடெல்லாம் முழங்கிற்று. அடுத்த ஆண்டு, டி.கே.சண்முகம் சகோதரர்கள் தம் 'பில்ஹணன்' படத்திலே பாரதியின் பாட்டொன்றைச் சேர்த்தனர். உரிமை எங்களுடையது என்று எழுந்தது வழக்கு!

எண்ணிப்பார், தோழனே. கடன் கேட்டபோது எவரும் கொடாத கவிஞரின் பாட்டுக்கு, அவர் போன பிறகு, உரிமைப் போட்டி! அன்றைய சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் ஐம்பது ஆண்டு பதிப்புரிமை நீடிக்கும். அப்படியே விட்டிருந்தால் 1971 வரை, பாரதியைப் பாடவேண்டுமானால் ஒருவரிடம் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டியிருந்திருக்கும்!

தமிழ்நாடு அப்படியே விட்டுவிடவில்லை. அதைச் சொல்லாமற்போனால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பாரதி பாடல்களை மக்கள் உடைமையாக்குக என்று எழுத்தாளர் எழுந்தனர், நாரண துரைக்கண்ணன் போன்றோர் அதற்காக ஊர் ஊராகச் சென்றனர், ஜீவானந்தம் மேடையில் முழங்கினார், டி.கே.சண்முகம் துணைநின்றார். 1949 மார்ச்சில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் சட்டமன்றத்திலே அறிவித்தார்: பாரதியாரின் எழுத்து அரசுடைமை ஆயிற்று! பட அதிபர் மெய்யப்பன் ஈட்டுத்தொகை எதுவும் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார், அதையும் மறைக்கவேண்டியதில்லை. விசுவநாத ஐயருக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரு மகள்மாருக்கும் தலைக்கு 5,000 ரூபாய். 1950களின் நடுவில் அரசு அந்த உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் மக்களுக்கே வழங்கிற்று. அன்று முதல் பாரதியை எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம். மலிவு விலையிலே, அவர் கனவு கண்டபடியே, தீப்பெட்டி போல வீடுதோறும் புகுந்தது அந்த நூல்.

பெருமைக்குரிய செயல், ஐயமில்லை. ஆனால் அந்த ஐயாயிரத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். செல்லம்மாள் கைக்கு அது வந்தது எப்போது? கணவர் மறைந்து 28 ஆண்டுகள் கழித்து! கடையத்தில் உலை காய்ந்தபோது வரவில்லை. திருவல்லிக்கேணியில் நோயுற்றுக் கிடந்தபோது வரவில்லை. 1920இல் அந்தச் சுற்றறிக்கைக்கு நூறு பேர், ஆளுக்கு நூறு ரூபாய் கடனாகக் கொடுத்திருந்தால், அரசாங்கமே வேண்டியிருந்திராது, சட்டமன்றமே வேண்டியிருந்திராது. கவிஞர் தம் கண்ணாலேயே தம் நூல்கள் வீதியில் நடப்பதைக் கண்டிருப்பார்.

இங்கே எதிர்வாதக்காரர் மூவர் எழுந்து நிற்கின்றனர். மூவருக்கும் விடை சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

முதலாமவர் கூறுகிறார்: "ஏழ்மைதான் ஐயா கலையை வளர்க்கிறது! பசித்தால்தான் பாட்டு வரும்!" பசித்தால் பாட்டு வருமெனில், பஞ்ச காலத்திலே ஊருக்கு ஆயிரம் காவியம் பிறந்திருக்கவேண்டுமே! பசி பாட்டைக் கொடுக்காது, தோழனே, பாடுபவனை எடுத்துக்கொள்ளும். நாற்பது வயதுக்குள் ஒரு பாரதியை எடுத்துக்கொண்டது. அறுபது வயது வாழ்ந்திருந்தால் அவர் எழுதியிருக்கக்கூடியதை எந்த அரசுடைமையாலும் நமக்கு வாங்கித் தர முடியாது. எழுதாத பாட்டுக்கு ஏது பதிப்பு?

இரண்டாமவர் கூறுகிறார்: "இருப்பவர் அருமை தெரியாது, இறந்தபின் தெரியும், இது மனித இயல்பு." இயல்பா? நன்று. அந்த இயல்பின் உள்ளே புகுந்து பார்ப்போம். உயிரோடிருக்கும் கலைஞன் தொல்லை தருபவன். கேள்வி கேட்பான். கூலி கேட்பான். நாம் செய்வது தவறென்று நம் முகத்துக்கு நேரே சொல்வான். புதுவையிலே பாரதியார், ஆதிதிராவிட இளைஞர் கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தார். அன்று அதனைக் கண்டு முகம் சுளித்த கூட்டம் பெரிது. அவரை ஒதுக்கி வைத்தது. படமாக மாட்டப்பட்ட பாரதியாரோ எவருக்கும் பூணூல் அணிவிக்கமாட்டார்; எவரையும் வீட்டுக்குள் அழைத்துவரமாட்டார்; எவரிடமும் கடன் கேட்கமாட்டார். ஆகவே அன்று ஒதுக்கிய தெருவே இன்று அவரை உயர்த்துகிறது. இது இயல்பன்று, வசதி! பிணம் மறுத்துப் பேசாது என்ற துணிவு! மாலை போடுகிறவன் பலவேளைகளில் வாயையும் சேர்த்தே கட்டுகிறான்.

மூன்றாமவர் சற்றுத் தந்திரக்காரர். "சந்தை பரப்பாவிட்டால் புகழ் எப்படிப் பரவும்? பட அதிபர் படமெடுக்காவிட்டால் பட்டம்மாள் பாடியிருப்பாரா?" என்கிறார். பாதி உண்மை, அந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பரப்புகிறவன் பங்கு பெறட்டும். ஆனால் படைத்தவன் பங்கு எங்கே? சுமந்தவள் பங்கு எங்கே? பரப்பினேன் என்பதற்காகப் பாட்டுக்கே வேலி போடும் உரிமை வந்துவிடுமா? விதைத்தவன் வீட்டிலே அடுப்பெரியவில்லை. வண்டியில் ஏற்றிச் சென்றவன் வீட்டிலே விருந்து. இதனை வாணிபம் என்றால் வழிப்பறிக்கு வேறு பெயர் தேடவேண்டும்!

சரி, இன்று நிலை என்ன? சட்டம் சில அடி முன்னே சென்றிருக்கிறது. பதிப்புரிமை 1992 முதல் ஆசிரியர் மறைந்தபின் அறுபது ஆண்டு. 2012இல் வந்த திருத்தம் திரைப்பாடல் எழுதுவோரும் இசையமைப்போரும் தம் பாட்டு ஈட்டும் வருவாயிலே பங்கு பெறும் உரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி காத்தது. தமிழ்நாட்டு அரசு இதுவரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் நூல்களை நாட்டுடைமையாக்கி ஈட்டுத்தொகை வழங்கியிருக்கிறது. இந்தியாவுக்கே எடுத்துக்காட்டு; மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டியலை எடுத்துப் படி. பெரும்பாலார் மறைந்தவர். தொகை போய்ச் சேர்வது மகனுக்கு, பேரனுக்கு, பேத்திக்கு. போகட்டும், அவர்களும் வறுமையை உடனிருந்து பகிர்ந்தவர்களே. ஆயினும் நான் கேட்கிறேன்: நாட்டின் உடைமை என்று மதிக்கத்தக்க எழுத்தை எழுதியவனுக்கு, எழுதும் கை ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்த மதிப்பை அளித்தால் என்ன? அறிஞர் சிலருக்கு வாழும்போதே அதைச் செய்ததும் உண்டு. விலக்காக இருப்பது விதியாகவேண்டும்.

சட்டம் செய்யவேண்டியதைச் சட்டத்திடம் கேட்போம். நாம் செய்யவேண்டியது என்ன? இங்கேதான், தோழனே, உன்னிடம் வந்து நிற்கிறேன்.

நம் கிளைகள் நினைவுக் கூட்டம் நடத்துவதில் வல்லவை. மேடை, ஒலிபெருக்கி, பதாகை, மலர்வளையம், படத்திறப்பு... எதிலும் குறைவைப்பதில்லை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றி மறவாமை நல்ல பண்பு. மறைந்தவரை எடுத்துப் பாடுவதால் அடுத்த தலைமுறைக்கு அவர் கிடைக்கிறார். ஆனால் ஓர் ஒழுங்கு செய்வோம். மறைந்தவருக்கு ஒரு கூட்டம் நடத்தினால், வாழ்கின்ற கலைஞர் ஒருவருக்கும் ஒரு மாலைப் பொழுது. அந்த ஊரிலே தவில் அடிப்பவர் இருப்பார், கூத்துக் கட்டுபவர் இருப்பார், கவிதை நூலைத் தன் மனைவியின் வளையலை அடகு வைத்து அச்சிட்டுக் கட்டுக்கட்டாக வீட்டில் வைத்திருப்பவர் இருப்பார். அவரை அழை. மேடையேற்று. பொன்னாடை வேண்டாம், அதை அவர் உண்ணவும் முடியாது, விற்கவும் முடியாது. அவர் நூலில் இருபத்தைந்து படி விலை கொடுத்து வாங்கு. வாங்கியதை நம் படிப்பகங்களுக்குப் பகிர்ந்து கொடு. நாடகம் போடுகிறாயா? திரை விழுமுன் நடிகனுக்கும் வாத்தியக்காரனுக்கும் கூலியைக் கையில் வை. "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று எந்தக் கலைஞனிடமும் சொல்லாதே. அடுத்த கூட்டம் அவனுடைய இரங்கல் கூட்டமாக இருக்கலாம்!

சிறிய செயல்கள்தாம். ஆனால் வான்கோவைக் காத்தது ஒரு பெண்ணின் விடாமுயற்சி. பாரதியாரைக் காத்தது ஒரு சில தொண்டர்களின் விடாமுயற்சி. சாவுக்குப் பின் மனிதர் செய்த அந்தப் பணியைச் சாவுக்கு முன்பே மனிதர் செய்யலாம். இதிலே இயற்கை குறுக்கே நிற்கவில்லை. ஊழ் குறுக்கே நிற்கவில்லை. நம் சோம்பல் மட்டுமே நிற்கிறது.

மறைவதற்குச் சில கிழமைகளுக்கு முன், 1921இல், பாரதியார் ஈரோட்டுக்கு வந்தார். கருங்கல்பாளையம் வாசகசாலையின் ஆண்டு விழா. அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள், மனிதனுக்கு மரணமில்லை என்பது. யோசித்துப் பார்: வறுமை பிடுங்கித் தின்ற உடல், ஓராண்டுக்கு முன் கேட்ட கடன் வராத ஏமாற்றம், எதிரே ஒரு சிற்றூர் வாசகசாலையின் எளிய கூட்டம். அந்த நிலையிலும் அவர் பேசியது சாவைப் பற்றியன்று, வாழ்வைப் பற்றி. அவரை வைத்து நாம் ஆண்டுதோறும் பேசுவதோ பெரும்பாலும் அவர் சாவைப் பற்றி. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் வரவில்லை என்பதைப் பற்றி.

கருங்கல்பாளையத்தில் அன்று கூடியவர்களை நான் வணங்குகிறேன். பேர் தெரியாத அந்த மக்கள், இருபது பேர் ஊர்வலம் போகுமுன்பே, உயிரோடிருந்த கவிஞரை அழைத்தார்கள், அமரவைத்தார்கள், பேசக் கேட்டார்கள். தமிழ்நாடு முழுவதும் தவறியபோது ஒரு சிறு வாசகசாலை தவறவில்லை.

தோழனே, உன் ஊரிலும் ஒரு படிப்பகம் இருக்கிறது. உன் தெருவிலும் ஒரு கலைஞன் இருக்கிறான். ஏட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்து போ. அவன் கதவைத் தட்டு. அவனே வந்து கதவைத் திறக்கும் நாளிலேயே தட்டு!